தமிழ்த் தரவாய்வுக்கான வரைகலை அட்டைத் தேர்வு: ஆர்டிஎக்ஸ் 3060, ஆர்டிஎக்ஸ் 4060 – ஓர் ஒப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

என்விடியா நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 3060 (12 கிகாபைட்டு), ஆர்டிஎக்ஸ் 4060 (8 கிகாபைட்டு) ஆகிய இரு வரைகலை அட்டைகளின் விவரக்குறிப்புகளைத் தமிழ் மொழிச் செயலாக்கத்தின் தேவைகளை அளவுகோலாகக் கொண்டு இக்கட்டுரை ஒப்பிடுகிறது. தமிழ்ப் பனுவல்களைக் கையாளும் ஆய்வாளருக்குக் கணிப்பு வேகத்தினும் நினைவகக் கொள்ளளவே முதன்மையானது என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: வரைகலை அட்டை, நினைவகம், பட்டையகலம், மொழிமாதிரி, நுண்பயிற்சி, ஒருங்குறி.

முன்னுரை

தென்சென்னைப் புறநகர்ப் பகுதி தமிழாய்வுக்கும் பொறியியல் கல்விக்கும் ஒருசேர இடமளிப்பது. 1937 முதல் தாம்பரத்தில் இயங்கிவரும் சென்னைக் கிறித்தவக் கல்லூரி, 1949இல் தொடங்கப்பெற்ற குரோம்பேட்டை எம்.ஐ.டி., தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், 2022 சனவரியில் பெரும்பாக்கத்தில் புதிய கட்டடம் திறக்கப்பெற்ற செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் ஆகிய யாவும் இப்பகுதியில் அமைந்தவை. இத்தகைய சூழலில் பயிலும் தமிழ்த்துறை ஆய்வாளர், தரவக ஆய்வுக்காக மொழிமாதிரிகளைத் தம் கணிப்பொறியிலேயே இயக்க விரும்புவது இயல்பு. தடையாவது பணமே. பல்கலைக்கழக மானியக் குழுவின் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறும் கலைப்புல ஆய்வாளருக்கு முதல் இரண்டு ஆண்டுகளுக்கு வழங்கப்பெறும் இதரச் செலவுத் தொகை ஆண்டுக்கு 10,000 ரூபாய். இங்கு ஒப்பிடப்பெறும் அட்டைகளில் எதனையும் புதிதாக வாங்க அத்தொகை போதாது. ஒருமுறை வாங்கியது ஆய்வுக்காலம் முழுமைக்கும் பயன்பட வேண்டும் என்பதால் தேர்வு பிழைபடின் இழப்பு பெரிது.

விவரக்குறிப்புகள்

2021 பிப்ரவரியில் 329 டாலர் விலையில் வெளிவந்த 3060, ஆம்பியர் கட்டமைப்பைச் சார்ந்தது. இதில் 3,584 கியூடா உள்ளகங்களும், 192 பிட்டு இணைப்பில் 12 கிகாபைட்டு நினைவகமும் உள்ளன. நினைவகப் பட்டையகலம் வினாடிக்கு 360 கிகாபைட்டு. மின் நுகர்வு 170 வாட். 2023 சூனில் 299 டாலருக்கு வெளிவந்த 4060, ஏடா லவ்லேஸ் கட்டமைப்பைச் சார்ந்தது. உள்ளகங்கள் 3,072 ஆகக் குறைந்தன. நினைவகம் 128 பிட்டு இணைப்பில் 8 கிகாபைட்டாகச் சுருங்கியது. பட்டையகலம் 272 கிகாபைட்டாகத் தாழ்ந்தது. எனினும் உச்சக் கடிகார வேகம் 1.78 கிகாஹெர்ட்சிலிருந்து 2.46 ஆக உயர்ந்தமையால், வினாடிக்கு 12.7 இலட்சம் கோடியாக இருந்த கணிப்புத் திறன் 15.1 இலட்சம் கோடியாயிற்று. மின் நுகர்வோ 115 வாட் மட்டுமே.

விளையாட்டுச் செயலிகளில் 4060 ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு விரைவானது என்பது நிறுவனத்தின் கூற்று. குறுகிய பட்டையகலத்தை ஈடுசெய்ய அதன் இரண்டாம்நிலைக் கேஷ் நினைவகம் 3 மெகாபைட்டிலிருந்து 24 மெகாபைட்டாக உயர்த்தப்பட்டது. விளையாட்டுகளுக்கு இந்த ஈடு பெரிதும் பொருந்துகிறது. மொழிமாதிரிகளுக்கு அவ்வாறு பொருந்துவதில்லை.

தமிழும் நினைவகமும்

‘தமிழ்’ என்னும் சொல் மூன்று எழுத்துகளால் ஆனது. ஒருங்குறியில் அது த, ம, இகர உயிர்க்குறி, ழ, புள்ளி என ஐந்து குறியெண்களாகிறது. யு.டி.எப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணுக்கும் 3 பைட்டு வேண்டுமாதலால் அச்சொல் 15 பைட்டு இடம் கொள்கிறது. இதையே ஆங்கில எழுத்துகளில் எழுதினால் 5 பைட்டு போதும். பைட்டு அளவிலான இவ்வேறுபாடு வட்டில் பொருட்டன்று. ஆனால் ஆங்கிலத் தரவை மிகுதியாகக் கொண்டு உருவாக்கப்பெற்ற மொழிமாதிரிகள் தமிழ்ச் சொற்களைப் பல சிறு டோக்கன்களாகச் சிதைக்கின்றன. ‘வந்துகொண்டிருந்தவர்களுக்காக’ போன்ற ஒட்டுநிலை வடிவங்களும், உரையாசிரியர் நடையின் நெடிய புணர்ச்சித் தொடர்களும் இச்சிதைவை மேலும் பெருக்குகின்றன. வழக்கமான கவனப் பொறிமுறையில் டோக்கன் எண்ணிக்கை இருமடங்கானால் அதற்கான நினைவகத் தேவை நான்கு மடங்காகும். ஆதலின் அதே நீளப் பத்திக்குத் தமிழாய்வாளர் ஆங்கில ஆய்வாளரைவிடக் கூடுதல் நினைவகம் செலவிடுகிறார்.

சான்றாக, 2019இல் வெளியான எக்ஸ்.எல்.எம்.-ராபர்ட்டா தமிழ் உள்ளிட்ட 100 மொழிகளில் பயிற்றப்பெற்ற மாதிரி. அதன் அடிப்படை வடிவில் ஏறத்தாழ 27 கோடி அளபுருக்கள் உள்ளன. ஆடம் முறையில் முழு நுண்பயிற்சி அளிக்கும்போது, ஒவ்வோர் அளபுருவுக்கும் எடை, சரிவு, இரு சராசரிகள் என நான்கு எண்களைச் சேமிக்க வேண்டும்; எண்ணுக்கு 4 பைட்டு என்றால் அளபுருவுக்கு 16 பைட்டு. மொத்தம் 4.3 கிகாபைட்டு. பனுவலுக்கென எஞ்சும் இடம் 4060இல் 3.7 கிகாபைட்டு, 3060இல் 7.7 கிகாபைட்டு. கொள்ளளவில் ஒன்றரை மடங்கான வேறுபாடு, பயன்படும் இடத்தில் இருமடங்காகிறது. 55 கோடி அளபுருக்கள் கொண்ட பெரிய வடிவத்திற்கு 8.8 கிகாபைட்டு தேவை. 4060இல் இப்பயிற்சி தொடங்கவே இயலாது. 3060இல் குறுகிய இடத்தில் நடைபெறும். எடைகளைச் சுருக்கியும் சில அடுக்குகளை மட்டும் பயிற்றியும் இத்தேவையைக் குறைக்கும் உத்திகள் உள்ளன. அவை ஆய்வாளரின் நேரத்தையும் நிரலாக்க அறிவையும் கோருபவை.

பனுவல் உருவாக்கத்திலும் நிலை இதுவே. 700 கோடி அளபுருக்கள் கொண்ட மாதிரியை 4 பிட்டாகச் சுருக்கினால் 3.5 கிகாபைட்டு ஆகும். இரு அட்டைகளும் அதனை ஏற்கும். ஆனால் ஒவ்வொரு டோக்கனுக்கும் எடைகள் அனைத்தும் ஒருமுறை படிக்கப்பட வேண்டும். 24 மெகாபைட்டுக் கேஷ் இங்கு உதவாது. பட்டையகலத்தை வகுத்துப் பார்த்தால் கோட்பாட்டளவிலான உச்சவரம்பு 3060இல் வினாடிக்கு 103 டோக்கன், 4060இல் 78 டோக்கன். இந்த வகைப் பணியில் முந்துவது பழைய அட்டையே.

மின்சாரமும் இணைப்பும்

4060இன் சிக்கனம் மெய்யானது. முழுச் சுமையில் நாள்தோறும் 10 மணி நேரம், மாதம் 25 நாள் இயக்கினால், 55 வாட் வேறுபாடு வீட்டின் இருமாத மின்கணக்கில் 27.5 அலகாகும். தாம்பரத்தின் மே மாத வெயிலில், வாடகை அறையில் இயங்கும் கணிப்பொறிக்கு இது வெப்பச் சிக்கலும்கூட. எனினும் வேலையே ஓடாத அட்டையின் சிக்கனத்தைப் பாராட்டுவதில் பொருளில்லை.

கல்லூரி ஆய்வகங்களிலுள்ள பழைய கணிப்பொறிகளில் இன்னொரு தடையும் உண்டு. 4060 எட்டு இணைப்புத் தடங்களை மட்டுமே பயன்படுத்துவதால், மூன்றாம் தலைமுறை பிசிஐ தாய்ப்பலகையில் அதன் தரவுப் பரிமாற்றம் வினாடிக்கு ஏறத்தாழ 8 கிகாபைட்டாகக் குறையும். பதினாறு தடங்கள் கொண்ட 3060க்கு அது 16. அட்டையின் நினைவகம் நிரம்பித் தரவு முதன்மை நினைவகத்திற்கு வழியும்போது இவ்வேறுபாடு கடுமையாக வெளிப்படும்.

வாங்குவோர் கவனத்திற்கு

குறுகிய பத்திகளுக்கான வகைப்பாடு, படத்தொகுப்பு, காணொளித் தொகுப்பு ஆகியவற்றுக்கு 4060 போதுமானது. அங்கே அதுவே சிறந்தது. அச்சு நூல்களை டெசராக்ட் எழுத்துணரியால் மின்னாக்கம் செய்வது மட்டுமே நோக்கமெனில் இரண்டும் வேண்டா, ஏனெனில் அது மையச் செயலியையே நம்பி இயங்குகிறது. 2025 மே மாதம் வெளியான 5060உம் 8 கிகாபைட்டு நினைவகத்துடனேயே வந்தமையால், அடுத்த தலைமுறைக்காகக் காத்திருப்பதும் இவ்விலைப் பிரிவில் பயனளிக்கவில்லை.

ரிச்சி தெருவில் 3060 கேட்போர் பெட்டியின் மேலுள்ள நினைவக அளவைப் படித்துப் பார்த்தல் வேண்டும். 2022 இறுதியில் அதே பெயரில் 8 கிகாபைட்டு நினைவகமும் 128 பிட்டு இணைப்பும் 240 கிகாபைட்டுப் பட்டையகலமும் கொண்ட வடிவம் ஒன்று வெளியிடப்பட்டது. மேற்கண்ட கணக்குகளில் எதுவும் அதற்குப் பொருந்தாது.