ஆறடிப் படத்துக்கு எந்தக் கேமரா?

திருப்பாதிரிப்புலியூரில் மளிகைக் கடை நடத்தும் நம் உறுப்பினர் ஒருவர், கடையின் ஒரு பக்கத்தைத் தடுத்து மகனுக்கு ஸ்டுடியோ வைத்துக் கொடுக்கிறார். சிதம்பரம் கோபுர வாயிலின் கரணச் சிற்பங்களை ஆறடி அகலத்தில் அச்சிட்டுச் சுவரில் மாட்ட வேண்டும். பிழைப்புக்கு ஜவுளிக் கடைகளின் சேலைப் படம். இரண்டு பழைய கேமராக்கள் விலைக்கு வந்திருக்கின்றன: நிக்கான் டி800, டி800இ. இரண்டும் 2012-இல் வெளிவந்தவை. இரண்டும் 36 மெகாபிக்சல். 'இ' என்ற ஓர் எழுத்துக்குக் கூடுதல் விலை. கொடுக்கலாமா என்று நம்மிடம் கேட்டார்.

வித்தியாசம் சென்சாரின் முன்னுள்ள வடிகட்டியில் இருக்கிறது. டி800-இல் அது நுண்ணிய கோடுகளைச் சற்றே மழுக்கும். டி800இ-யில் அந்த மழுக்கலை ரத்து செய்திருக்கிறார்கள். கல்லில் உளி பட்ட தடம் இன்னும் கொஞ்சம் தெளிவாக விழும். ஆனால் சேலை நெசவு, சணல் சாக்கு, கம்பி வலை போல ஒரே சீராக ஓடும் இழைகளில், இல்லாத வானவில் அலைகள் படத்தில் தோன்றக்கூடும். அதைக் கம்ப்யூட்டரில் நீக்குவது பெரும்பாடு. சேலை நிறம் மாறினால் ஜவுளிக்காரர் பணம் தருவாரா? ஆகவே 'இ' இல்லாததையே வாங்கச் சொன்னோம். கோபுரமும் பிச்சாவரம் காடும் மட்டுமே எடுப்பவருக்கு 'இ' நல்லதுதான்.

மகனுக்கோ 61 மெகாபிக்சல் மேல் ஆசை. கணக்குப் போட்டுக் காட்டினோம். டி800 படத்தின் நீளவாட்டில் 7360 புள்ளிகள். ஆறடிக்கு விரித்தால் அங்குலத்துக்கு 102. கையில் வைத்துப் பார்க்கும் படத்துக்கு 300 வேண்டும் என்பார்கள். கல்லாவுக்கு இப்பால் நின்று சுவரைப் பார்க்கிறவருக்கு 102 போதும். 2019-இல் வந்த 61 மெகாபிக்சல் சோனியில் 9504 புள்ளிகள். அதே ஆறடிக்கு 132 தான். மெகாபிக்சல் பரப்பளவுக் கணக்கு, நீளக் கணக்கு அல்ல!

மிச்சப் பணத்தை நல்ல லென்ஸிலும் உறுதியான ஸ்டாண்டிலும் போடட்டும். கை நடுங்கினால் எத்தனை மெகாபிக்சலும் வீண். லென்ஸ் துளையை எஃப் 8 அருகே வைக்கலாம். எஃப் 16-ஐத் தாண்டிச் சுருக்கினால் கூர்மை குறையும்.

எடைக்கல்லில் முத்திரை பார்த்து வாங்குகிறவர்கள் நாம். இதிலும் ஷட்டர் எத்தனை முறை ஓடியது என்று பார்க்க வேண்டும். இந்த மாடலின் ஷட்டரை 2 லட்சம் முறை இயக்கிச் சோதித்ததாக நிக்கான் சொன்னது. கடற்கரை ஊர் ஆதலால் லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஈரம் போக அரிசி டப்பாவில் போட்டு வைக்க வேண்டாம். தவிட்டுத் தூசி உள்ளே போய்விடும்.

முன்பணம் கொடுக்குமுன், நெருக்கமான நெசவுள்ள சேலை ஒன்றை இரண்டு கேமராவிலும் எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறோம்.