தத்துப்பிள்ளையும் வீட்டில் அதன் இடமும்

1970, 1980களில் இலங்கைக் குழந்தைகள் பலர் ஐரோப்பாவுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். அதில் முறைகேடுகள் நடந்ததை 2020ஆம் ஆண்டு சுவிஸ் அரசு ஏற்று வருத்தம் தெரிவித்தது. வசதியாக வளர்ந்தும் பலர் பெற்ற தாயைத் தேடி இங்கு வந்தார்கள். சிலருடைய பத்திரங்களில் தாயின் பெயரே பொய்யாக இருந்தது.

கடல் தாண்டாவிட்டாலும், வீடு மாறும் பிள்ளைக்கும் இந்த ஏக்கம் உண்டு. தன் வீட்டில் தம்பி தங்கையரைச் சுமந்த மூத்தவள், உறவினர் வீட்டில் கடைக்குட்டியாகிவிடலாம். அந்த வீட்டுத் தலைப்பிள்ளைக்கோ தன் இடம் பறிபோனதாகத் தோன்றலாம்.

அழைத்துவருமுன் வீட்டுப் பிள்ளைகளோடு பேசுங்கள். இருவருக்கும் வயதுக்கேற்ற பொறுப்புக் கொடுங்கள். வன்னியிலிருந்து தோட்டத்துக்கு வந்த பிள்ளையின் பேச்சைக் கேலி செய்ய விடாதீர்கள். பெற்றவர் பெயரையும் ஊரையும் மறைக்காதீர்கள். பிறப்புப் பத்திரத்தைக் கவனமாக வையுங்கள். சட்டப்படி தத்தெடுக்க நீதிமன்றக் கட்டளை அவசியம்.