கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட லட்சுமி

கோவண்டி ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் எங்கள் உறவினர் வீடு. ஒரு மழைக்காலத்தில் அங்கே போயிருந்தபோது, பூஜை அலமாரிக்கு மேலிருந்த லட்சுமி படத்தைக் காட்டி, "யய்யா, இது எங்க மாமியார் கல்யாணத்துக்கு வந்த படம். முகத்திலே தேமல் மாதிரி படர்ந்திருக்கு, பாத்துச் சொல்லு" என்றார் ஆச்சி.

இறக்கிப் பார்த்தேன். கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் ரவி வர்மா அச்சகம், கார்லா–லோனாவ்லா என்றிருந்தது. ஊரிலிருந்து டிரங்குப் பெட்டியில் வந்த படம், அதற்கு முன்பே இந்தப் பக்கத்திலிருந்துதான் ஊருக்குப் போயிருக்கிறது! ராஜா ரவி வர்மா 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம், அங்கே பிளேக் பரவிய பிறகு, 1899-இல் மளவலிக்கு மாறியது. கார்லா குகைக்குப் போகிறவர்கள் இறங்கும் அதே மளவலிதான். நிறத்துக்கு ஒரு கல்லாக அச்சிட்டு, எண்ணெய் ஓவியம் போலத் தோன்ற மேலே வார்னிஷ் பூசுவார்கள். 1972-இல் தீப்பிடித்து அச்சகம் அழிந்தது.

ஆச்சி வீட்டுப் படத்தைக் கெடுத்தது பழமை அல்ல, சட்டம்தான். சில வருடங்களுக்கு முன் புதுச் சட்டம் போட்ட கடைக்காரர் கண்ணாடியைப் படத்தின் மேலேயே வைத்து, பின்னால் மலிவான வைக்கோல் அட்டை கொடுத்து ஆணி அடித்திருந்தார். நம் வீடுகளில் பெரும்பாலான படங்கள் இப்படித்தான் இருக்கின்றன.

மழைக்காலத்தில் கண்ணாடியின் உட்புறம் ஈரம் கோக்கும். இடைவெளி இல்லாததால் அது நேரே காகிதத்தில் இறங்கும். வார்னிஷ் இளகிக் கண்ணாடியோடு ஒட்டும், பூஞ்சை பிடிக்கும். தேமல் அதுதான். மலிவான அட்டையில் உள்ள அமிலமோ காகிதத்தில் ஊறிப் பழுப்பாக்கும். பிறகு தொட்டாலே அப்பளமாய் நொறுங்கும். ஆணித் துரு, செலோடேப், வெள்ளிப்பூச்சி எல்லாம் உபரி.

ஒட்டிய படத்தைப் பிய்க்கவே கூடாது. பிய்த்தால் லட்சுமியின் முகம் கண்ணாடியில் தங்கிவிடும். ஈரத் துணியால் துடைப்பதும் லாமினேஷன் செய்வதும் அதைவிடக் கெடுதல். லாமினேஷனைத் திரும்பப் பிரிக்க முடியாது. கண்ணாடியோடு சேர்த்தே அதைச் செப்பனிடத் தெரிந்தவரிடம் கொண்டுபோக வேண்டும். கோட்டையிலுள்ள சத்ரபதி சிவாஜி மகாராஜ் அருங்காட்சியகத்தில் கலைப்பொருள் பாதுகாப்புக்கென்றே ஒரு பிரிவு உண்டு, அங்கே விசாரிக்கலாம்.

ஒட்டாத படமென்றால் செலவு அதிகமில்லை. அமிலமில்லாத அட்டை கேட்டு வாங்குங்கள். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஜன்னல் போல் வெட்டிய அட்டை மவுண்ட் வைக்கச் சொல்லுங்கள். ஒட்டுவதற்கு ஃபெவிகால் வேண்டாம். படத்தின் மேல் ஓரத்தில் மட்டும் மெல்லிய ஜப்பானியக் காகிதப் பட்டையை மாவுப் பசையால் ஒட்டினால் போதும். சட்டத்தின் பின்னால் கீழ் மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டினால் சுவரோடு படியாது, காற்று போகும். மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள்.

இவ்வளவையும் கேட்ட ஆச்சி, "அப்போ விளக்கை எங்கே வைக்க?" என்றார். புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் படத்துக்கு ஆகாதென்று நான் சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் விளக்கு இருந்த இடத்திலேயே இருந்தது. லட்சுமிதான், எதிர்ச்சுவரில் வெயில் படாத இடத்துக்குப் போவதாக முடிவாயிற்று. அதுவரை கண்ணாடியோடு பழைய பருத்திப் புடவையில் சுற்றி, அலமாரியின் மேல்தட்டில் படுக்கவைத்திருக்கிறோம்.