ஆலும் காளானும்

மழை ஓய்ந்த ஓர் ஆவணிக் காலையில், கொல்கத்தாவின் கிடர்பூரிலிருந்து புறப்பட்டோம். காளான்களையும் பெருமரங்களையும் காண்பதே எங்கள் நோக்கம். 1992இல் திறக்கப்பட்ட வித்யாசாகர் பாலத்தின் வழியே ஹூக்ளி நதியைக் கடந்து, ஹவுராவின் ஷிப்பூரில் உள்ள ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் இந்தியத் தாவரவியல் பூங்காவை அடைந்தோம். கர்னல் ராபர்ட் கிட்டின் முயற்சியால் 1787இல் கிழக்கிந்தியக் கம்பெனி நிறுவிய தோட்டம் இது.

நிழலில் விழுந்து கிடந்த கிளையொன்றில், விசிறிகளை அடுக்கினாற்போல் காளான்கள் பூத்திருந்தன. நம் கண்ணுக்குத் தெரியும் குடை, செடிக்குக் கனி போன்றதோர் உறுப்பே. பூஞ்சையின் பெரும்பகுதி நுண்ணிழைகளாக மரத்தினுள்ளும் மண்ணினுள்ளும் பரவியிருக்கும். பட்ட மரத்தை மட்கச் செய்து மண்ணுக்கு உரமாக்குபவை அவ்விழைகளே. நம் ஊர்களில் மழைக்குப் பின் முளைக்கும் புற்றுக்காளானையோ கரையான்களே புற்றினுள் பயிரிட்டு வளர்க்கின்றன!

நாங்கள் எதையும் பறிக்கவில்லை. உண்ணத்தக்க காளானும் நச்சுக்காளானும் ஒன்றுபோலவே தோன்றக்கூடும். சில நஞ்சுகள் சமைத்தாலும் அழிவதில்லை. ஆகவே, காட்டுக்காளானைக் கண்ணால் சுவைப்பதே நன்று.

சற்றுத் தொலைவில் சிறு காடு ஒன்று தெரிந்தது. நெருங்கியபின்தான் அது ஒரே மரம் என்று உணர்ந்தோம். 250 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வயதுடைய பேராலமரம் அது. 1864, 1867ஆம் ஆண்டுகளின் புயல்களில் அதன் கிளைகள் முறிந்தன. பின்னர் பூஞ்சை புகுந்து அடிமரத்தை அரித்தது. நோய் பரவாதிருக்க 1925இல் அடிமரத்தையே வெட்டி அகற்றினர். ஆயினும் மரம் சாயவில்லை. 3,000க்கும் மேற்பட்ட விழுதுகள் தூண்களாக நின்று அதைத் தாங்குகின்றன. எல்லையாக அமைத்த 330 மீட்டர் நீளச் சாலையையும் தாண்டி அது பரவியுள்ளது.

பட்ட கிளையை உரமாக்கும் பூஞ்சையின் இனமே இங்கு உயிருள்ள அடிமரத்தையும் வீழ்த்தியிருக்கிறது. அதற்கு விடையளித்தவை விழுதுகள். 2020இல் ஆம்பன் புயலும் இம்மரத்திற்குச் சேதம் விளைவித்தது. புதிய விழுதுகளின் தேவை இன்னும் தீரவில்லை.

காற்றில் ஆடும் இளவிழுது எளிதில் முறிந்துவிடும். ஆதலால் மூங்கிற் குழாயினுள் அதைச் செலுத்தி, மண்ணைத் தொடும்வரை காக்கின்றனர் பணியாளர்கள். அது தூணாகிக் கிளையைத் தாங்கப் பல ஆண்டுகள் ஆகும். இன்று மூங்கில் கட்டும் கைகள் நாளைய மரத்திற்காகவே உழைக்கின்றன என்ற எண்ணத்துடன் கிடர்பூருக்குத் திரும்பினோம்.