கற்றலின் கதை – 9: பாதிப் பாடம் யாரிடம் இருக்கிறது?

1867 மே 23ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலையின் அடுப்பை வள்ளலார் மூட்டினார். அந்த அடுப்பு இன்றுவரை அணையவில்லை என்பது நெய்வேலிப் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதே காலத்தில் அவர் அங்கே தொடங்கிய சன்மார்க்க போதினி என்ற பாடசாலையைப் பற்றித்தான் அதிகம் பேர் பேசுவதில்லை. தமிழ், வடமொழி, ஆங்கிலம் மூன்றுக்கும் அங்கே இடம் இருந்தது. சிறுவர், இளைஞர், முதியவர் எல்லாருக்கும் இடம் இருந்தது. வயதுவாரியாகப் பிரித்து உட்காரவைக்கும் பள்ளிமுறை இந்த நாட்டில் வேர்விட்டுக்கொண்டிருந்த காலத்தில் இப்படி ஒரு பாடசாலையை ஒருவர் நினைத்ததே பெரிய காரியம்.

இப்படிப் பலர் சேர்ந்து கற்பதற்கு நேர்மாறாக, சென்ற இதழில் விலங்குகளை வைத்துக் கற்றலை ஆராய்ந்த பாவ்லோவின் நாய்களும் தார்ன்டைக்கின் பூனைகளும் வந்தன. அந்த ஆய்வுகளில் கற்கும் உயிர் தனியாக இருக்கிறது. மணி அடிக்கிறது, உணவு வருகிறது, பழக்கம் படிகிறது. பக்கத்தில் ஒரு துணை இருந்து சொல்லிக்கொடுத்தால் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. தமிழ் மரபு தொடங்கியதே அந்தக் கேள்வியிலிருந்துதான்.

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல் இலக்கண நூல்தான். ஆனால் அதன் பாயிரம் எழுத்துக்கும் சொல்லுக்கும் போகுமுன் ஆசிரியர் யார், மாணவர் யார், பாடம் எப்படி மனத்தில் ஏறுகிறது என்று விசாரிக்கிறது. அங்கே பவணந்தியார் ஒரு கணக்குப் போடுகிறார். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் கிடைப்பது கால் பங்குதான். உடன் படிப்பவர்களோடு பேசிப் பழகும்போது இன்னொரு கால் பங்கு வருகிறது. மீதி அரைப் பங்கு, தான் கற்றதைப் பிறருக்குச் சொல்லிக்கொடுக்கும்போதுதான் கைகூடுகிறது. கற்றல் பற்றி எழுதப்பட்ட கொள்கைகளில் இவ்வளவு துணிச்சலானது வேறொன்று உண்டா என்பது சந்தேகம். ஆசிரியரே எழுதிய நூல், ஆசிரியருக்குக் கால் பங்குதான் கொடுக்கிறது!

திண்ணைப் பள்ளிக்கூடங்களில் இது நடைமுறையாகவே இருந்தது. மூத்த பையன் சட்டாம்பிள்ளை. அவன் சொல்ல, சின்னவர்கள் திருப்பிச் சொல்லி மணலில் விரலால் எழுதுவார்கள். உ.வே.சாமிநாதையர் தம் சுயசரிதையில் உத்தமதானபுரத்துப் பள்ளியை விவரிக்கிறார். மாலையில் வீட்டுக்குப் போகுமுன் ஒவ்வொரு பையனுக்கும் ஒரு பூ, ஒரு பறவை, ஒரு விலங்கு என்று பெயர்கள் சொல்லி அனுப்புவார்கள். மறுநாள் காலையில் அவன் அவற்றை மறக்காமல் ஒப்பிக்க வேண்டும். இடையில் ஓர் இரவு கழித்து நினைவை எழுப்பிப் பார்க்கும் பயிற்சி அது. ஜெர்மனியில் ஹெர்மன் எபிங்ஹவுஸ் மறதியை மணிக்கணக்கில் அளந்து 1885இல் நூலாக வெளியிட்டார். அதற்கும் முன்பே நம் வாத்தியார்கள் மறதிக்கு மருந்து வைத்திருந்தார்கள். இதை வெறும் மனப்பாடம் என்று தள்ளிவிடுவது நியாயமில்லை. திண்ணைப் பள்ளிகளின் கணிதத்தை ஆராய்ந்த செந்தில்பாபு, அங்கே நினைவு என்பதே கற்கும் வழியாக இருந்தது என்று காட்டியிருக்கிறார். அந்தத் திண்ணைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் இடம் இருக்கவில்லை, பெண்பிள்ளைகள் அரிது, பிரம்புக்கு ஓய்வே கிடையாது. இவற்றையும் சொல்லாமல் விடக் கூடாது.

சட்டாம்பிள்ளை கப்பலேறிய கதைக்கு வருவோம். ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், 1789இல் எழும்பூரில் ராணுவத்தாரின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். ஒருநாள் காலை குதிரையில் போகும்போது, தமிழ்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் அப்படியே செய்யச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர்கள் முடியாது என்றார்கள். பெல், ஜான் ஃபிரிஸ்கென் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் வேலையை ஒப்படைத்தார். அவன் செய்து காட்டிவிட்டான். சில காலத்தில் பள்ளியே பிள்ளைகள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் இடமாக மாறியது.

இங்கிலாந்துக்குத் திரும்பிய பெல் 1797இல் இதை நூலாக வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரோடு அது பரவியது. லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் தன் வழியில் இதே போன்ற முறையை நடத்தினார். மணல் எழுத்தை இங்கே பார்த்ததாக ஒப்புக்கொண்ட பெல், மாணவரே கற்பிக்கும் முறை தன் கண்டுபிடிப்பு என்றுதான் சொன்னார். ஆனால் 1814இல் கிழக்கிந்தியக் கும்பினியின் இயக்குநர்கள் வங்காளத்துக்கு எழுதிய கடிதம் வேறு விதமாகப் பேசுகிறது. இந்த நாட்டு ஆசிரியர்கள் நெடுங்காலமாகக் கையாண்ட முறையைத்தான் பெல் இங்கிலாந்தில் புகுத்தினார் என்று அது சொல்கிறது. வரலாற்று ஆய்வாளர் தரம்பால் 1983இல் வெளியிட்ட நூலில் அந்தக் கடிதத்தை மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் பெல்லின் பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் ‘மதராஸ் காலேஜ்’ என்றுதான் பெயர்.

போன இடத்தில் அந்த முறை சிதைந்தது. இங்கிலாந்துக்காரர்களைக் கவர்ந்தது அதன் சிக்கனம். ஒரே ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சமாளிக்கலாம், சம்பளம் மிச்சம். வரிசை, கட்டளை, ஒப்பிப்பு என்று பள்ளி தொழிற்சாலைபோல ஆனது. சொல்லிக்கொடுக்கும் பையன் தானும் கற்கிறான் என்ற உயிர்நாடியைக் கவனிப்பார் இல்லை. 1846க்குப் பின் பயிற்சி ஆசிரியர்களை நியமிக்கும் வேறு ஏற்பாடு வந்து அதன் இடத்தைப் பிடித்தது.

அந்த உயிர்நாடியை இருபதாம் நூற்றாண்டு வேறு பாதைகளில் தேடிப் பிடித்தது. குழந்தை இன்று பிறர் துணையோடு செய்வதை நாளை தனியே செய்யும் என்றார் ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி. 1939இல் சென்னை அடையாறுக்கு வந்த மரியா மாண்டிசோரி, வெவ்வேறு வயதுப் பிள்ளைகளை ஒரே அறையில் வைக்கும் தன் முறையில் இங்குள்ள ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். உலகப் போரால் ஊர் திரும்ப முடியாமல் கொடைக்கானலில் தங்கியபோதும் குழந்தைகளோடுதான் இருந்தார். 1980இல் அமெரிக்காவில் பார்க், ஷூல் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். பிறருக்குக் கற்பிக்கப்போகிறோம் என்று நினைத்துப் படித்தவர்கள், தேர்வு எழுதப்போகிறோம் என்று படித்தவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். பவணந்தியாரின் அரைப் பங்குக்குச் சோதனைக்கூடத்தில் கிடைத்த சாட்சி இது.

தமிழ்நாட்டில் பிள்ளைகள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் இந்த வழி அரசுப் பள்ளிக்குள் வந்தது செயல்வழிக் கற்றலாக. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் எம்.பி.விஜயகுமார் ஐ.ஏ.எஸ். முயற்சியில் தொடங்கியது. ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளி உருவாக்கிய அட்டைகளும் கற்றல் ஏணியும் அதற்கு வழிகாட்டின. 2007-08இல் மாநிலம் முழுவதும் விரிந்தது. ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் பாயில் கலந்து உட்கார்ந்தார்கள். கைக்கு எட்டும் உயரத்துக்குக் கரும்பலகை இறங்கியது. ஆசிரியர் முழுவதும் உதவும் குழு, ஓரளவு உதவும் குழு, சக மாணவர் உதவும் குழுக்கள், தானே கற்கும் குழு என்று வகுப்பறை பிரிந்தது. ஆசிரியருக்கு ஒரு பங்கு, தோழருக்கு ஒரு பங்கு என்ற பழைய கணக்கு அரசாணையோடு திரும்பி வந்ததுபோல இருந்தது. அப்போது ‘வாத்தியார் பாடமே நடத்துவதில்லை’ என்று பெற்றோர் பலர் குறைபட்டார்கள். தங்கள் மகள் பக்கத்துப் பிள்ளைக்குக் கூட்டல் சொல்லிக்கொடுக்கும் அந்தப் பத்து நிமிடமும் அவளுக்குப் பாடம்தான் என்று அவர்களிடம் யாராவது பொறுமையாக விளக்கியிருக்க வேண்டும்.

(தொடரும்)