பூச்சியிலும் செடியிலும் பெருகும் வைரஸ்

ஸ்ட்ராபெர்ரி இலையைத் திருப்பிப் பார்த்தால், வெளிர்மஞ்சள் அசுவினிகள் நரம்போரம் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றும் இரண்டு மில்லிமீட்டர் நீளம்கூட இருக்காது. உருப்பெருக்கிக் கண்ணாடியில், உடம்பெங்கும் நுனி குமிழ்ந்த மயிர்கள் தெரியும். இவற்றின் ஊசிவாயை நம்பித்தான் ஸ்ட்ராபெர்ரி சுருக்க வைரஸ் செடிவிட்டுச் செடி தாவுகிறது.

செடியின் ஒவ்வொரு செல்லையும் கெட்டியான சுவர் சூழ்ந்திருக்கிறது. அதைத் தானாகத் துளைக்க வைரஸால் ஆகாது. அசுவினியின் ஊசிவாயோ தலைமுடியைவிட மெல்லியது. செல்களின் இடுக்குகளில் வளைந்து நுழைந்து, இலை தயாரித்த சர்க்கரையைச் சுமந்துசெல்லும் புளோயக் குழாயை எட்டிவிடுகிறது. உறிஞ்சிய சாறோடு வைரஸும் பூச்சிக்குள் போகிறது.

அங்கேதான் ஆச்சரியம். வைரஸ் குடல் சுவரைக் கடந்து, பூச்சியின் உடலிலேயே பெருகி, உமிழ்நீர்ச் சுரப்பியை அடைகிறது. இதற்கு ஏறத்தாழ 10 முதல் 19 நாள் ஆகும். பிறகு அந்த அசுவினி வாழ்நாள் முழுக்க நோயைப் பரப்பும். பூச்சியின் செல்லும் செடியின் செல்லும் அடியோடு வேறானவை. ஒரே வைரஸ் இரண்டிலும் குடித்தனம் நடத்துகிறது! வெறிநாய்க்கடி வைரஸ் அடங்கிய ‘ராப்டோ’ குடும்பமே இதற்கும்.

செடியில் இது ஒளிந்துகொள்ளும் விதம் இன்னும் விந்தை. இன்றைய சாகுபடி ரகங்கள் பல, தனியொரு வைரஸ் தாக்கினால் அறிகுறியே காட்டாமல் பச்சையாக நிற்கும். வேறு வைரஸ்களும் சேரும்போதுதான் செடி குன்றும், காய்ப்பு சரியும். தாய்ச்செடி விடும் ஓடுதண்டுகளில் முளைக்கும் கன்றுகளுக்கும் நோய் ஓசையின்றிப் போய்விடும். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் 2013-இல் பல தோட்டங்கள் நலிந்ததும் இத்தகைய கூட்டணியால்தான். அங்கே கைகோத்தவை, அசுவினியே சுமக்கும் வேறு இரு ஸ்ட்ராபெர்ரி வைரஸ்கள்.

ஒளிந்திருப்பதைக் காட்டிக்கொடுக்கக் காட்டு ஸ்ட்ராபெர்ரி உதவுகிறது. சந்தேகச் செடியின் சிற்றிலையை எடுத்து, காம்பை ஆப்புபோல் சீவுகிறார்கள். காட்டுச் செடியின் மூவிலையில் நடு இலையைக் கிள்ளிவிட்டு, அவ்விடத்தைக் கீறி, சீவிய காம்பைச் செருகிக் கட்டுகிறார்கள். வைரஸ் இருந்தால், சில வாரங்களில் காட்டுச் செடியின் புதுத்தளிர்கள் சுருங்கி, கோணலாக முளைக்கும். நோய் தாங்காத அதன் மென்மையே நமக்குச் சோதனைக் கருவி.

நல்ல ரகம் ஒன்று முழுக்க நோயில் சிக்கினாலும் மீட்க வழியுண்டு. செடியை 38 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பல வாரம் வளர்த்தால் சில வைரஸ்கள் அழியும். சுருக்க வைரஸ் அதற்கு எளிதில் மசியாது. எனவே குருத்தின் உச்சியிலுள்ள ஆக்குத்திசுவை, அதாவது ஓயாமல் பிரிந்து புதுச் செல்களைத் தரும் நுனியை, வெட்டியெடுக்கிறார்கள். ரவைத் துணுக்கு அளவுதான் அது. புளோயக் குழாய்கள் இன்னும் அங்கே எட்டாததால், வைரஸும் பெரும்பாலும் எட்டியிருக்காது. அத்துணுக்கை ஊட்டக்கூழில் வளர்த்து, மறுபடி சோதித்து, அசுவினி புகாத வலைக்கூடத்தில் தாய்ச்செடியாக வைக்கிறார்கள். நோயைப் பரப்பிய அதே ஓடுதண்டுகள் இனி ஆயிரக்கணக்கில் நலமான கன்றுகளைத் தரும்.