இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு: வலிக்குப் பயப்படவும் வேண்டாம், வேலைக்கு அவசரப்படவும் வேண்டாம்



நம்ம கடலோரக் குப்பத்தில் மீன் விற்கும் அக்கா ஒருவர் வழுக்கி விழுந்து, இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் செய்துகொண்டார். வீட்டுக்கு வந்த முதல் இரண்டு வாரம் வலிக்குப் பயந்து கட்டிலை விட்டே இறங்கவில்லை. நாலாவது வாரம் வலி குறைந்ததும், "எனக்குத்தான் சரியாப் போச்சே" என்று அரிவாள்மணை முன்னால் குந்தி மீன் நறுக்க உட்கார்ந்துவிட்டார். அன்று ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. நல்லவேளையாக மூட்டு நழுவவில்லை.

அசையாமல் படுப்பது, ஒரே நாளில் எல்லாம் செய்வது, இந்த இரண்டுமே தவறு. ஏன் என்று பார்ப்போம்.

உள்ளே என்ன நடக்கிறது?

தொடை எலும்பின் மேல்முனை பந்து போல இருக்கும். அது இடுப்பு எலும்பில் உள்ள கிண்ணத்தில் சுழலும். கெட்டுப்போன பந்தையும் கிண்ணத்தையும் எடுத்துவிட்டு, செயற்கையானதைப் பொருத்துவதுதான் இந்த ஆபரேஷன். இன்று செய்யும் முறைக்கு 1962இல் இங்கிலாந்தில் டாக்டர் ஜான் சார்ன்லி வழிகாட்டினார்.

புது மூட்டு உறுதியானதுதான். ஆனால் அதைச் சுற்றியுள்ள தசையும் சதையும் ஆற வாரக்கணக்கில் ஆகும். அந்தப் புண்ணின் வலிதான் நமக்குத் தெரிவது. அதனால் முதல் வாரங்களில் கொஞ்சம் வலி இருந்தால் ஆபரேஷன் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. வலி குறைந்தால் முழுதும் ஆறிவிட்டது என்றும் அர்த்தமில்லை.

மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள்

"வலி தாங்க முடியாதபோது போட்டுக்கலாம்" என்று காத்திருக்காதீர்கள். வலி ஏறிய பிறகு அடக்குவது கஷ்டம். டாக்டர் சொன்ன நேரத்துக்குப் போட்டால்தான் நடக்கவும் பயிற்சி செய்யவும் முடியும். மருந்துக்கடையில் தானாக இன்னொரு வலி மாத்திரை வாங்கிச் சேர்க்காதீர்கள். ஒரே மருந்து வேறு வேறு பெயரில் வரும். வயிறு, சிறுநீரகம் கெடும். சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்கத் தந்த மருந்தை நடுவில் நிறுத்தாதீர்கள்.

வீக்கத்துக்குத் துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைக்கலாம். தையல் நனையக் கூடாது. எண்ணெய் போட்டு உருவுவது, கட்டுப் போடுவது வேண்டவே வேண்டாம்.

கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி

படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும், சளி கட்டும், தசை இளைக்கும். படுத்திருக்கும்போதே பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள். ஒரேயடியாக அரை மணி நடப்பதைவிட, வாக்கருடன் ஐந்து ஐந்து நிமிடமாகப் பல தடவை நடப்பது நல்லது.

எவ்வளவு நடக்கலாம் என்பதற்கு நம்ம உடம்பே கணக்குச் சொல்லும். நடந்தபின் வந்த வலி ஓய்வெடுத்ததும் அடங்கினால் சரி. மறுநாள் காலையில் நேற்றைவிட அதிகம் வலித்தால், நடையைப் பாதியாகக் குறையுங்கள். ஆனால் அடியோடு நிறுத்தாதீர்கள்.

கவனிக்க வேண்டியவை:

1. தரையில் உட்காருதல், குந்துதல், கால்மேல் கால் போடுதல் கூடாது. குனிந்து கோலம் போடுவதும் குடம் தூக்குவதும் கூடாது. எதை, எப்போது தொடங்கலாம் என்பது ஆபரேஷன் செய்த முறையைப் பொறுத்தது. டாக்டரையே கேளுங்கள்.
2. உயரமான நாற்காலியில் உட்காருங்கள். முழங்காலைவிட இடுப்பு தாழக் கூடாது. கழிப்பறைக்கும் நாற்காலி வேண்டும்.
3. ஒருக்களித்துப் படுத்தால் கால்களுக்கு நடுவில் தலையணை வையுங்கள்.
4. படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில்.
5. கைத்தடிக்கு மாறினால், ஆபரேஷன் செய்த காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடியுங்கள்.

ஆனி மாத மாங்கனித் திருவிழாக் கூட்டத்தில் போய் இடிபட வேண்டாம். கோவிலுக்குப் போனால் நாற்காலி கேளுங்கள். தொழுகையையும் நாற்காலியில் அமர்ந்து செய்யலாம். இதில் வெட்கம் எதற்கு? அறுபத்துமூவர் வரிசையில் உட்கார்ந்த கோலத்தில் இருப்பவரே நம்ம காரைக்கால் அம்மையார்தானே!

உடனே ஆஸ்பத்திரிக்கு

ஆடுசதையில் வலியும் வீக்கமும், தையலில் சீழ் அல்லது சிவப்பு, காய்ச்சல் இருந்தால் அன்றைக்கே காட்டுங்கள். திடீரென்று கடும் வலி வந்து கால் ஊன்ற முடியாவிட்டாலோ, கால் குட்டையாகத் தெரிந்தாலோ, மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ 108ஐக் கூப்பிடுங்கள்.

குழு என்ன செய்யலாம்?

அந்த அக்கா ஏன் அவசரப்பட்டார் என்று பிறகு கேட்டோம். "மூணு வாரமா சந்தா கட்டலை, கூட்டத்துக்கு வரலைன்னு அபராதமும் ஏறுதேன்னு பயம்" என்றார். நமக்குத் தலைகுனிவாக இருந்தது. அவருக்கு வலியைவிடக் கடன்தான் பெரிதாகத் தெரிந்திருக்கிறது.

ஆகவே, ஆபரேஷன் ஆன உறுப்பினருக்கு அபராதம் வேண்டாம் என்று தீர்மானம் போடுவோம். தவணைக்கு அவகாசம் தருவோம். முறை வைத்து ஆளுக்கு ஒருநாள் தண்ணீர் பிடித்துக் கொடுத்து, கூடவே அவருடன் வாசல்வரை நடந்து வருவோம். அடுத்த கூட்டத்தில் அவருக்காக ஒரு நாற்காலியும் போடுவோம்.